இயந்திரக் குரலில் இணையப் பாடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் சித்தி திருமங்கலத்தில் 27 ஆண்டுகளாகத் தையல் கற்றுக்கொடுக்கிறார். அவருடைய பயிற்சியை ஆறு மணி நேர இணையப் பாடமாக மாற்றியபோது, பாதிக்கு மேல் கணினிக் குரலில்தான் செய்தோம். அன்றிலிருந்து காளான் வளர்ப்பு சொல்லித்தருபவர், கணக்குப் பதிவியல் எடுப்பவர், தட்டச்சு நிலையம் நடத்துபவர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் அதே சந்தேகங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தொலைபேசியில் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

கணினி தமிழில் வாசித்தால் ரோபோ பேசுவதுபோல இருக்காதா?

நீங்கள் நினைப்பது ஈஸ்பீக் போன்ற பழைய வகைக் குரலை. அது ஒலிகளைக் கணக்குப் போட்டு உண்டாக்குகிறது. மனிதர் பேசிய சொற்களின் பதிவு எதுவும் அதற்குள் இல்லை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளில் அதற்கு இன்றும் மதிப்பு உண்டு, ஏனென்றால் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் சொல் தெளிவாக இருக்கும். ஆனால் அந்தக் குரலில் ஒரு மணி நேரப் பாடம் கேட்கச் சொன்னால் யாரும் உட்கார மாட்டார்கள்.

இப்போதைய குரல்கள் மனிதர் வாசித்த பல மணி நேரப் பதிவிலிருந்து பழகியவை. மைக்ரோசாஃப்டில் இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர் என இரண்டு குரல்கள் இருக்கின்றன. இலங்கைத் தமிழுக்குச் சரண்யா, குமார். சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு. மலேசியாவுக்குக் கனி, சூர்யா. கூகுளிலும் தமிழ்க் குரல்கள் உண்டு. முதல் இரண்டு நிமிடம் பலருக்கு வேறுபாடு தெரியாது. பத்தாவது நிமிடத்தில் தெரியும்: எல்லா வாக்கியமும் ஒரே மாதிரி ஏறி ஒரே மாதிரி இறங்கும்.

ஒரு பைசா செலவில்லாமல் தொடங்க முடியுமா?

முடியும். மைக்ரோசாஃப்டின் அஷூர் பேச்சுச் சேவையில் இலவசக் கணக்கு ஒன்று திறந்தால் மாதம் 5 லட்சம் எழுத்து வரை கட்டணம் இல்லை. கணக்கு திறக்கும்போது வங்கி அட்டை விவரம் கேட்பார்கள். அதற்குத் தயங்கித் திரும்பிவிடுபவர்கள் பலர். இலவச அடுக்கையே தேர்ந்தெடுத்தோமா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

இணைப்பே வேண்டாம், என் கணினியிலேயே ஓட வேண்டும் என்பவர்களுக்கு ஐஐடி மெட்ராஸைச் சேர்ந்த ஏஐ4பாரத் குழு வெளியிட்டுள்ள திறந்த குரல் மாதிரிகள் (தரவிறக்கிப் பயன்படுத்தும் குரல் மென்பொருள்கள்) இருக்கின்றன. நிறுவுவதற்குக் கொஞ்சம் நிரல் தெரிந்தவர் வேண்டும். கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் மெதுவாகத்தான் நகரும்.

பத்து லட்சம் எழுத்துக்கு இவ்வளவு டாலர் என்கிறார்கள். என் பாடம் எத்தனை எழுத்து?

நம் கணக்கும் அவர்கள் கணக்கும் வேறு. "பொத்தான்" என்ற சொல் நமக்கு நான்கு எழுத்து: பொ, த், தா, ன். கணினிக்கு அது எட்டு. ப ஒன்று, ஒகரக் கொம்பு ஒன்று, த ஒன்று, அதன் புள்ளி ஒன்று என்று ஒவ்வொரு குறியையும் தனியாக எண்ணுகிறது. இடைவெளிக்கும் நிறுத்தக்குறிக்கும்கூடக் காசு. ஆகவே விரலை மடக்கி எண்ணிய எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பாடத்தில் நிமிடத்துக்குச் சுமார் 100 சொல் வந்தது. இடைவெளியையும் சேர்த்து ஒரு சொல்லுக்கு ஒன்பது குறியீடு என்று எடுத்துக்கொண்டால், பத்து நிமிடப் பாடம் 9,000. ஆறு மணி நேரமும் 3,24,000. திருத்தித் திருத்தி மூன்று முறை உருவாக்க வேண்டியிருக்கும் என்பதால் பத்து லட்சம் என்று கொள்ளலாம். தரமான குரலுக்குப் பத்து லட்சத்துக்கு 15, 16 டாலர் என்பது நான் பார்த்த விலை. வாங்கும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இலவச ஒதுக்கீட்டை மூன்று மாதத்துக்குப் பரப்பினால் அதுவும் இல்லை. செலவு குரலில் இல்லை. பிரதியைச் செப்பனிட உட்காரும் நேரத்தில்தான் இருக்கிறது. கீழே உள்ள பாதிக் கேள்விகள் அதைப் பற்றியவைதான்.

ஒரு பாடத்தை முழுவதுமாக ஒட்டினால் பிழை என்று திருப்பி அனுப்புகிறது. ஆங்கிலப் பாடம் மட்டும் போகிறதே?

கூகுள் சேவையில் ஒரு வேண்டுகோளுக்கு 5,000 பைட் என்பது எல்லை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று. மேலே சொன்ன "பொத்தான்" மட்டுமே 24 பைட். அதனால் ஆங்கிலத்தில் ஏறக்குறைய 800 சொல் போகிற இடத்தில் நமக்கு ஏறக்குறைய 200 சொல்தான் போகும். பத்திபத்தியாகப் பிரித்து அனுப்புங்கள். பிறகு திருத்தும்போதும் அது வசதி: ஒரு பத்தி தவறினால் அந்தப் பத்தியை மட்டும் மறுபடி உருவாக்கலாம்.

எழுத்துத் தமிழில் எழுதவா, பேசுவதுபோல எழுதவா?

எளிய எழுத்துத் தமிழில். சித்தி வகுப்பில் பேசுவதை அப்படியே எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். பேச்சுத் தமிழை எழுதும்போது நாம் விழுங்குகிற ஒலிகளையும் மூக்கால் சொல்கிற முடிவுகளையும் எழுத்தில் காட்ட முடிவதில்லை. மனிதர் ஊகித்துப் படித்துவிடுகிறார். இயந்திரம் எழுதியதை எழுதியபடி படிக்கிறது. செய்தி வாசிப்பாளர் ஒருவர் கிண்டலுக்காகப் பேச்சுமொழியில் பேசுவதுபோல இருந்தது.

அதற்காக அரசாணை நடையும் வேண்டாம். "துணியை இரண்டாக மடியுங்கள். மடிப்பு உங்கள் பக்கம் இருக்கட்டும்." இந்த அளவு போதும். ஒரு வாக்கியத்தில் ஒரு வேலை. "மடித்து, வைத்து, அளந்து, குறித்து" என்று எச்சங்களை அடுக்கினால் கேட்பவர் மடித்துக்கொண்டிருக்கும்போதே குரல் கத்தரிக்கோலை எடுத்திருக்கும்.

"பட்டன்" என்று எழுதினால் வேறு ஏதோ வாசிக்கிறது. எப்படிச் சரிசெய்வது?

எல்லோரும் கேட்பது இதைத்தான். தமிழில் ஒரே ப இரண்டு ஒலிக்கு உழைக்கிறது. "பம்பரம்" என்று சொல்லிப் பாருங்கள்: முதல் ப வேறு, இரண்டாவது வேறு. தமிழ்ச் சொற்களில் இடத்தைப் பார்த்தே ஒலி தெரிந்துவிடும்; சொல்லின் முதலில் வல்லொலி, மெல்லெழுத்தை அடுத்து வந்தால் மெலிந்த ஒலி. இரவல் சொற்கள் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படுவதில்லை. பட்டனிலும் பாபினிலும் முதல் எழுத்துக்குப் பம்பரத்தின் இரண்டாவது ப வேண்டும். கஜத்தின் முதல் எழுத்துக்குக் கங்கணத்தின் இரண்டாவது க வேண்டும். "டாப்" என்பதும் "டார்ட்" என்பதும் ஒரே ட-வில் தொடங்குகின்றன, ஒலி வேறு. "பஸ்" போல அடிக்கடி அச்சில் வருவனவற்றை நல்ல குரல்கள் பழகிவைத்திருக்கும். தொழிற்சொற்கள்தான் மாட்டிக்கொள்ளும்.

எழுத்தை இரட்டித்தும் புள்ளி வைத்தும் போராடிப் பார்த்தேன், பயன் இல்லை. பலன் தந்தவை மூன்று. முதலாவது, சொல்லையே மாற்றுவது: பட்டனுக்குப் பொத்தான், பிளவுஸுக்கு ரவிக்கை. இரண்டாவது, அந்தச் சொல்லை மட்டும் ஆங்கில எழுத்தில் கொடுப்பது. சில குரல்கள் அழகாக ஏற்கும். சில குரல்கள் திடீரென லண்டனுக்குப் போய்த் திரும்பும். மூன்றாவது, எப்படி வாசிக்க வேண்டும் என்று குரலுக்குச் சொல்லும் எஸ்எஸ்எம்எல் என்ற குறிமொழியில் அந்தச் சொல்லுக்குப் பன்னாட்டு ஒலிக்குறிகளை எழுதித் தருவது. எல்லாக் குரல்களும் இதை மதிப்பதில்லை. முதலில் ஒரு சொல்லில் சோதித்துப் பாருங்கள்.

சொல்லை மாற்றுவதிலும் ஒரு வரம்பு வேண்டும். பாபினை "நூல் சுற்றும் உருளை" என்று மாற்றியிருந்தேன். கடையில் போய் அப்படிக் கேட்டால் என்ன தருவார்கள் என்று சித்தி கேட்டார். அந்த ஒரு சொல் வரும் இடங்களில் எல்லாம் அவர் குரலையே வெட்டி ஒட்டினோம். மொத்தம் 31 இடம். கூர்ந்து கேட்டால் தெரியும், யாரும் குறை சொல்லவில்லை.

எண்களை ஏன் இப்படிக் குதறுகிறது?

வெறும் 36 என்றால் பிரச்சினை இல்லை. 14½ என்று கொடுத்தால் பின்னத்தை விட்டுவிடலாம், அல்லது ஒன்று இரண்டு என்று தனித்தனியே சொல்லலாம். 1/2 என்று கொடுத்தால் தேதியாக எடுத்துக்கொண்டாலும் வியப்பில்லை. தையலில் அரை அங்குலம் போனால் ரவிக்கை போயிற்று. எனவே அளவுகள் எல்லாவற்றையும் சொல்லாகவே எழுதுங்கள்: பதினான்கரை, இரண்டேகால், மூன்றே முக்கால். நம் மொழியில் பின்னங்களுக்கு இவ்வளவு அழகான சொற்கள் இருப்பதை இந்த வேலையில்தான் நன்றாக உணர்ந்தேன்.

வேற்றுமை உருபு ஒட்டிய எண்களும் அப்படியே. "2010இல்" என்பதை "இரண்டாயிரத்துப் பத்து, இல்" என்று பிரித்துப் படித்துவிடும். "இரண்டாயிரத்துப் பத்தில்" என்று எழுதிவிடுங்கள். மி.மீ., ரூ., கி.பி. போன்ற சுருக்கங்களில் புள்ளி கண்ட இடத்தில் வாக்கியம் முடிந்ததாக நினைத்துக் குரல் இறங்கும். விரித்து எழுதுங்கள்.

அப்படியானால் திரையிலும் "பதினான்கரை" என்றுதான் போட வேண்டுமா?

வேண்டாம். இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கும் பிரதியில் 14½. கேட்கும் பிரதியில் பதினான்கரை. துணைவரிகள் பார்க்கும் பிரதியிலிருந்து வரட்டும். எது எதுவாக மாற வேண்டும் என்று ஒரு விரிதாளில் இரண்டு நெடுவரிசையாக எழுதிவைத்துத் தேடி மாற்றினால் வேலை நிமிடத்தில் முடியும். எங்கள் பட்டியல் 140 வரியைத் தாண்டியிருக்கிறது. நண்பர்கள் கேட்டு வாங்கிப் போவது என் குரல் கோப்பை அல்ல, இந்தப் பட்டியலைத்தான்.

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு சொல்லைத் தவறாகவே வாசிக்கிறதே?

கண்ணுக்குத் தெரியாத பிழை இருக்கும். எங்கள் பாடத்தில் "கௌன்" என்ற சொல்லைக் குரல் "கெ-ளன்" என்று படித்துக்கொண்டே இருந்தது. ஒரு மாலை முழுவதும் போயிற்று. கடைசியில் பார்த்தால், தட்டச்சு செய்தவர் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் ள என்ற எழுத்தும் போட்டிருந்தார். அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கௌரவம், பௌர்ணமி, மௌனம் எல்லாவற்றிலும் இதே ஆபத்து. "ெள" என்று தேடி, சந்தேகமான இடங்களை மாற்றிவிடுங்கள். கண்மூடித்தனமாக எல்லாவற்றையும் மாற்றினால் "தெள்ளிய" தொலைந்துபோகும்.

பழைய பாடக் குறிப்புகள் பாமினி போன்ற எழுத்துருவில் இருந்தால் திரையில் தமிழ் தெரியும், உள்ளே ஆங்கில எழுத்துகள்தான் இருக்கும். குரலிலிருந்து வெறும் உளறல் வரும். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை (யூனிகோடை) தரமாக அறிவித்துவிட்டது. ஆனால் அச்சகங்களில் பாமினி இன்னும் ஓய்வு பெறவில்லை. மாற்றி மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் படித்துவிடுங்கள்.

எஸ்எஸ்எம்எல் கட்டாயம் படிக்க வேண்டுமா?

இல்லை. எனக்குப் பயன்பட்டவை இரண்டே குறிகள்: இத்தனை விநாடி நிறுத்து என்பது ஒன்று, வேகத்தைக் குறை என்பது மற்றொன்று. செய்முறைப் பாடத்தில் நிறுத்தம் முக்கியம். "இப்போது ஊசியில் நூலைக் கோத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு நான்கு விநாடியாவது வாயை மூட வேண்டும். குறிகளுக்கும் எழுத்துக் கணக்கில் கட்டணம் உண்டு என்பதால், நீண்ட நிறுத்தங்களை ஆடாசிட்டி போன்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் வெற்றொலியாகச் செருகிவிடுவது என் வழக்கம்.

திரையில் எழுதியிருப்பதையே குரலும் வாசித்தால் போதாதா?

அது பாடமாக இருக்காது. மாணவர் கண்ணால் வேகமாகப் படித்துவிட்டுக் குரலுக்காகக் காத்திருப்பார். கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல்லூடகப் பாடங்களை ஆராய்ந்து சொன்னவற்றில் இதுவும் ஒன்று: படமும் குரலும் சேர்ந்தால் நல்லது, அதே சொற்கள் எழுத்திலும் கூடவே ஓடினால் கவனம் சிதறும். திரையில் படமும் அளவும் இருக்கட்டும், விளக்கம் குரலில் வரட்டும். காது கேளாதவருக்கும், பஸ்ஸில் ஒலியின்றிப் பார்ப்பவருக்கும் துணைவரி வேண்டும்தான். அதை வேண்டியவர் இயக்கிக்கொள்ளும்படி வையுங்கள்.

இயந்திரக் குரலில் கேட்டால் மண்டையில் ஏறாது என்கிறார்களே?

மேயரும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் மனிதக் குரலில் கேட்டவர்களே மேலாகக் கற்றார்கள். அன்றைய இயந்திரக் குரல் வேறு. கிரெய்க், ஷ்ரோடர் இருவரும் 2017இல் புதிய தலைமுறைக் குரலை வைத்துச் சோதித்தபோது அது மனிதக் குரலுக்குப் பின்தங்கவில்லை. இரண்டும் ஆங்கிலப் பாடங்கள்.

என் அனுபவம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சித்தியிடம் முதல் பாடத்தைப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, "இவள் விரலில் ஊசி குத்தியதே இல்லை போலிருக்கிறது" என்றார். அளவு, பட்டியல், இயந்திரத்தின் பாகங்கள் ஆகியவற்றுக்குக் கணினிக் குரல் சரி. கை நடுங்கும் இடம், துணி வழுக்கும் இடம், "பயப்படாதீர்கள், பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம்" என்று சொல்லும் இடம், இவற்றுக்கெல்லாம் அவர் குரல்தான் வேண்டும். கைபேசியில், கதவைச் சாத்தி, மெத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தோம். குக்கர் விசிலுக்காக இரண்டு முறை நிறுத்தினோம்.

கோப்பு பெரிதாகிறது. மாணவர்களின் டேட்டா தீர்ந்துவிடுகிறதே?

பேச்சுக்கு ஸ்டீரியோ வேண்டாம். ஒற்றைத் தடத்தில், விநாடிக்கு 64 கிலோபிட் எம்பி3 போதும்; பத்து நிமிடம் 4.8 மெகாபைட்டில் அடங்கும். ஒலியளவை எல்லாப் பாடங்களுக்கும் ஒரே அளவில் வையுங்கள்.

இலவசமாகத் தரவிறக்கிய குரல் மாதிரியில் செய்த பாடத்தை விற்கலாமா?

உரிமத்தைப் படிக்காமல் விற்காதீர்கள். மெட்டா நிறுவனம் 2023இல் 1,100க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் பேச்சு மாதிரிகளை வெளியிட்டது. தமிழும் அதில் உண்டு. தரவிறக்கக் காசு இல்லை, ஆனால் அதன் உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பதில்லை. கட்டணப் பாடத்துக்கு அது உதவாது. இலவசம் என்பது வேறு, விற்க அனுமதி என்பது வேறு.

மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியில் "உரக்க வாசி" என்பதை அழுத்தி அதைப் பதிவு செய்துகொள்வதும் இதே கதைதான். அது நீங்கள் கேட்பதற்கான வசதி. அந்தப் பல்லவியும் வள்ளுவரும் முறையான வழியிலேயே மாதம் 5 லட்சம் எழுத்து வரை இலவசமாகக் கிடைக்கும்போது, கொல்லை வழியாக ஏன் போக வேண்டும்?

மாணவர்களிடம் இது கணினிக் குரல் என்று சொல்ல வேண்டுமா?

சொல்லிவிடுங்கள். முதல் பாடத்தின் தொடக்கத்தில் ஒரு வரி போதும். எங்கள் பாடத்தில் சித்தியே அதைச் சொல்கிறார்: "அளவுகளைக் கணினி வாசிக்கும், தையலை நான் சொல்லித்தருவேன்."

ஆறு மாதம் கழித்து ஒரு வாக்கியத்தை மாற்றினால் குரல் ஒட்டுமா?

ஒட்டாமலும் போகலாம். சேவை நடத்துபவர்கள் குரலை மெருகேற்றிக்கொண்டே இருப்பார்கள். பெயர் அதேதான், ஒலி சற்று மாறியிருக்கும். ஒரு வாக்கியத்தை மட்டும் செருகினால் நடுவில் வேறொருவர் நுழைந்ததுபோலத் தெரியும். முழுப் பத்தியையும் மறுபடி உருவாக்குங்கள். குரலின் பெயர், வேகம், கேட்கும் பிரதி, சுருக்கப்படாத மூலக் கோப்பு ஆகிய நான்கையும் ஒரே கோப்புறையில் பாதுகாத்துவையுங்கள். விலை, வரி விகிதம், தேதி போன்று மாறக்கூடியவற்றைக் குரலில் சொல்லாமல் திரையில் மட்டும் காட்டுவது இன்னும் நல்லது.

ஆசிரியரின் குரலையே நகலெடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

செய்யலாம், அவர் சம்மதித்தால். மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் 2024இல் ஏ.ஆர். ரஹ்மான் ஒரு பாடலில் பயன்படுத்தியபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே ஆண்டு ஜூலையில், பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அனுமதியின்றி நகலெடுக்கும் கருவிகளுக்கு எதிராகப் பம்பாய் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பாடகருக்கு ஒரு நியாயம், தையல் ஆசிரியருக்கு ஒரு நியாயம் என்று இருக்க முடியாது. வாய்மொழிச் சம்மதம் போதாது. எந்தப் பாடத்துக்கு, எத்தனை ஆண்டுக்கு, மாதிரிக் கோப்பு யாரிடம் இருக்கும், அவர் விலகினால் அதை அழிப்பது யார் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

சித்தியிடம் கேட்டேன். நான் சொல்லாத ஒன்றை என் குரலில் சொல்லவைக்க முடியுமா என்றார். முடியும் என்றேன். "அப்படியானால் பாபின் என்று 31 முறை நானே சொல்லிவிடுகிறேன்" என்றார்.